கொசு ஒழிந்தது, துறைமுகம் படுத்தது

1/ சிலி தலைநகர் சாண்டியாகோல காலையில கிளம்பினா, காசாபிளாங்கா திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி சுமார் 120 கி.மீ.ல வால்பராய்சோ துறைமுகம். மலைச்சரிவு முழுக்க கலர் கலரா தகர வீடுகள்.

2/ 19ஆம் நூற்றாண்டில், தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்த கப்பல்கள் இங்கேதான் நிற்கும். ஊரே செழித்தது. 1906 நிலநடுக்கத்தில் இடிந்தும் மறுபடி எழுந்தது.

3/ அதே சமயம் பனாமாவில் கால்வாய் வேலை. முன்னாடி முயன்ற பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. அமெரிக்க ராணுவ டாக்டர் வில்லியம் கோர்காஸ் கொசுவைக் கட்டுப்படுத்தினார். 1914ல் கால்வாய் திறந்தது.

4/ கப்பல்கள் குறுக்கு வழியில போயிடுச்சு. வால்பராய்சோவின் வருமானம் சரிந்தது. மிஞ்சிய பழைய நகரம் 2003ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

5/ டாக்டரா கோர்காஸுக்கு ஒரு சல்யூட். ஆனா அங்கே உயிர் காத்த வெற்றி, இங்கே பிழைப்பைப் பறிச்சதையும் சேர்த்தே சொல்லணும்.