வலசைப் பறவைகளும் ஓர் ஐயத்தின் வரலாறும்

கோப்பெருஞ்சோழனை நினைந்து பிசிராந்தையார் பாடிய புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் ஓர் அன்னச்சேவல் வருகிறது. குமரித்துறையில் மீனருந்திவிட்டு வடமலைக்குப் புறப்படும் அப்பறவையை, இடைவழியில் உறையூர் மாடத்தில் துணையோடு இளைப்பாறிச் செல்லுமாறு புலவர் வேண்டுகிறார். நட்புக்குச் சான்றாகவே இப்பாட்டை நாம் வகுப்பறைகளில் நடத்தி வந்திருக்கிறோம். புறப்படுமுன் உண்பது, நெடுந்தொலைவு பறப்பது, வழியில் தங்குவது என வலசையின் மூன்று அடிப்படைகளும் அதில் அமைந்திருப்பது நம் கவனத்துக்கு வருவதில்லை. இம்மூன்றுக்கும் பறவையின் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பிற்கால ஆய்வுகள் காட்டிய உண்மை. அவ்வுண்மை தெளிவாகுமுன் பறவைகள் ஒரு பழியைச் சுமக்க நேர்ந்தது.

1957-இல் கருநாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் கூட்டமாக மடிந்தன. சுற்றுப்புற ஊர்களில் மக்களும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர். புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையம் நோய்க்கிருமியைப் பிரித்தெடுத்தபோது, அது உருசிய நாட்டில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரசை ஒத்திருந்தது. சைபீரியாவிலிருந்து ஆண்டுதோறும் இங்கு வருபவை யாவை? பறவைகளே. அவற்றின் மீதிருந்த உண்ணிகள் நோயைக் கொணர்ந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது.

அந்த ஐயமே இந்தியப் பறவையியலுக்கு ஒரு நன்மையும் செய்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927-இலேயே பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியிருந்தாலும், 1959-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவி கிட்டிய பின்னரே சாலிம் அலியின் தலைமையில் அப்பணி பெருகியது. பீகாரின் மீர்ஷிகார் வேட்டைக்குடியினர் தம் பரம்பரைக் கண்ணித்தொழிலை இதற்கு ஈந்தனர். பிடித்த பறவையை எடையிட்டு, சிறகளந்து, உண்ணி சேகரித்து, காலில் வளையமிட்டு விடுவித்தனர். நம் கோடியக்கரையும் இவ்வாய்வின் முதன்மைக் களங்களுள் ஒன்றாயிற்று.

1960-களில் அமெரிக்க இராணுவத்தின் நிதியில் இயங்கிய ஆசியப் பறவை நோய் ஆய்வுத் திட்டமும் இதில் கைகோத்தது. கிருமிப் போருக்குப் பறவைகளைப் பயன்படுத்தும் நோக்கமோ என்ற கேள்வி பிற்பாடு எழுந்தது. நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு 1975-இல் அயல்நாட்டு ஆய்வுக் கூட்டுறவுகளைக் கடுமையாக விசாரித்தது. பறவை முதலில் நோய்க்குத் தூதன் எனப்பட்டது. பின்னர் ஒற்றன் எனவும் ஐயுறப்பட்டது.

கியாசனூர் நோயைப் பொறுத்தமட்டில் அந்தப் பழி நிலைக்கவில்லை. உள்ளூர்க் காட்டு உண்ணிகளும், குரங்குகளும், சிறு பாலூட்டிகளும், காடழித்து உட்புகுந்த மனித வாழ்வுமே அந்நோயின் பரவலை விளக்கப் போதுமானவை என ஆய்வாளர் கண்டனர். எனினும் பறவைகள் எந்நோயையும் சுமவாதவை என்று நாம் சாதிக்கவும் இயலாது. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சலால் ஆயிரக்கணக்கான வலசைப் பறவைகள் மடிந்தன. அவற்றுள் மிகுதியானவை, நம் கூந்தன்குளத்துக்கும் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகள்.

அப்படியாயின் சுமப்பது எப்போது, நலிவது எப்போது? விடை பறவையின் உடல்நிலையில் இருக்கிறது. புறப்படுமுன் சில உள்ளான் இனங்கள் கொழுப்பைச் சேர்த்து உடல் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் கொள்கின்றன. சில, பயணத்துக்கு வேண்டாத குடலையும் சுருக்கிக் கொள்கின்றன. பறப்பதற்கு வேண்டிய ஆற்றலும் நோயை எதிர்க்கும் ஆற்றலும் ஒரே கருவூலத்திலிருந்தே வழங்கப்படுகின்றன. ஒன்றுக்கு மிகுதியாகச் செலவிட்டால் மற்றொன்றுக்குக் குறையும். வலசையின்போது கொழுப்புக் குன்றிய அமெரிக்கப் பாடும்பறவைகளின் குருதியில் எதிர்ப்பணுக்கள் குறைந்திருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். சுவீடனில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், வலசைத் தவிப்பூட்டப்பட்ட பறவைகளின் உடலில் உறங்கிக் கிடந்த கிருமி மீண்டும் தலைதூக்கியது தெரியவந்தது. ஜெர்மனியின் எலிகோலாந்துத் தீவில் செய்த ஆய்வோ வழித்தங்கலின் சில நாள்களிலேயே எதிர்ப்பாற்றல் மீள்வதைக் காட்டியது. புலவர் தம் அன்னத்துக்கு விதித்த இளைப்பாறல் வெறும் உபசாரமன்று எனலாம்.

இவ்விடத்தில் நம் ஊரை நினையாதிருக்க முடியவில்லை. ஐப்பசி முதல் பங்குனி வரை ஓசூர், கிருட்டினகிரி ஏரிக்கரைகளில் வாலாட்டிக் குருவிகளையும் உள்ளான்களையும் தகைவிலான்களையும் நாம் காண்கிறோம். அவற்றின் மடுக்களுள் ஒன்றான கெலவரப்பள்ளி அணைக்குத் தென்பெண்ணை பெங்களூரின் கழிவைச் சுமந்து வருகிறது. 2015-இலும் 2017-இலும் தீப்பற்றிய பெள்ளந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் வழியே இவ்வாற்றில்தான் கலக்கிறது. அணையின் மதகடியில் நுரை மலைபோல் பொங்குவதை இப்பக்கம் வாழ்வோர் பலரும் கண்டிருப்பர்.

அந்நீரில் இரை தேடும் பறவையின் கொழுப்பு எவ்வளவு, எதிர்ப்பாற்றல் எவ்வளவு என்பதை அளக்க ஒரு வலையும் ஒரு தராசும் சில சொட்டுக் குருதியும் போதும். தொலைவிலிருந்து வரும் பறவை நமக்கு நோய் கொணருமோ என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக அஞ்சியிருக்கிறோம். நம்மிடமிருந்து அது எதைக் கொண்டு திரும்புகிறது என்ற கேள்வியையும் நம் கல்லூரிகள் ஏதேனும் ஒரு குளிர்காலத்திலாவது கையிலெடுக்க வேண்டும்.