பனிச்சரிவும் ஊரார் விழிப்பும்

வரலாறு என்றால் மன்னர்களின் போர்களும் பட்டங்களுமே என்று எண்ணும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் வகுப்பறையில் கண்டிருக்கிறேன். ஓர் ஊர் தன்னைச் சூழ்ந்த இயற்கையின் சீற்றத்தை அறிந்து, அதனோடு வாழக் கற்ற கதையும் வரலாறே என்பேன். சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவுகள் இதற்குத் தக்க சான்று.

பனிச்சரிவு எவ்வாறு நிகழ்கிறது? மலைச்சரிவில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. அவற்றுள் ஓர் அடுக்கு பிடிப்பற்ற மணல்போல் அமைந்துவிட்டால், புதுப்பனியின் பாரம் தாங்காமல் முறிகிறது. பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளில், மேலடுக்கு அப்படியே பெயர்ந்து, மரத்தையும் மனையையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் பாய்கிறது.

அடர்ந்த காடு பனியைப் பிடித்து நிறுத்தும் என்பதை முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். ஆண்டர்மாட் என்னும் ஊருக்கு மேலுள்ள காட்டில் மரம் வெட்டலாகாது என்று 1397இலேயே ஆவணம் எழுதி வைத்தனர். ஊரைக் காக்க ஊராரே இட்ட வேலி அது.

பின்னர் அறிவியல் துணைக்கு வந்தது. 1930களில் டாவோஸ் நகருக்கு மேலே, வைஸ்ஃப்ளூயோக் என்னும் உயரத்தில், அறிஞர்கள் பனியை ஆராயத் தொடங்கினர். 1945 முதல் அந்நிலையத்தாரே பனிச்சரிவு அறிக்கைகளை வெளியிட்டு வருகின்றனர். ஆயினும் 1950-51 குளிர்காலத்தில் அந்நாட்டில் 98 பேர் பனிச்சரிவுகளில் மாண்டனர். அத்துயரமே நாட்டைத் தட்டி எழுப்பியது. சரிவுகளில் தடுப்புச் சட்டங்கள் நாட்டப்பட்டன, வீடு கட்டத் தகாத இடங்களைக் காட்டும் வரைபடங்கள் எழுந்தன, முன்னறிவிப்பும் வலுப்பெற்றது.

அம்முன்னறிவிப்பின் ஆணிவேர் எது தெரியுமா? ஊர்களில் வாழும் நோக்கர்களே. இன்றும் சற்றேறக்குறைய 200 பேர் பனியின் ஆழத்தை அளந்து, அன்று பெய்த புதுப்பனியைக் கணக்கிட்டு, கண்ட சரிவுகளைக் குறித்து அனுப்புகின்றனர். தானியங்கிக் கருவிகள் பல வந்த பின்னரும் அவர்தம் கண்களுக்கு ஈடில்லை. அவ்வளவைகளைக் கொண்டே அறிஞர்கள் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கின்றனர். சாலையை மூடுவதா, மக்களை வெளியேற்றுவதா என்பதை முடிவு செய்வோர் அவ்வவ்வூர்ப் பொறுப்பாளர்களே.

1999 பிப்ரவரியில் மீண்டும் பெரும்பனி கொட்டியது. குடியிருப்புகளும் பயணிகளும் முன்னினும் பெருகியிருந்தும், உயிரிழந்தோர் 17 பேர். அவர்களுள் 12 பேர் எவோலேன் என்னும் ஒரே ஊர்ப்பகுதியில் மாண்டனர். ஓர் ஊரில் நேரும் இழப்பு எத்துணைப் பெரிதாகக்கூடும் என்பதையும் இது காட்டுகிறது.

பனிச்சரிவு அபாயத்தைக் கையாளும் இவ்வறிவை, 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளின் பண்பாட்டு மரபாக ஏற்றது. பொருத்தமான சிறப்பே அது. மாணவர்களே, கருவியை விலைக்கு வாங்கலாம். விடியற்பனியில் நடந்து சென்று, அளவைத் தவறாது குறிக்கும் கடமையுணர்வை ஊர்தான் வளர்க்க வேண்டும்.