திப்புவின் கூடாரம்

கூடாரத் துணிக்கு ஆயுள் குறைவு. வெயில் சாயத்தை வெளுக்கும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் நூலையே அரித்துவிடும். ஆகவே பழங்கூடாரங்கள் எஞ்சியிருப்பது அரிது.

அத்தகைய அரியவற்றுள் ஒன்று திப்பு சுல்தானுடையது. பூக்கள் தீட்டிய பருத்தித் துணியாலான அது, 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். கூடாரமோ அப்போதைய சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் குடும்பத்தாரிடம் சேர்ந்து, கடல் கடந்து, வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டையை அடைந்தது. அங்கே தோட்ட விருந்துகளுக்கு நிழற்பந்தலாகவும் நின்றது! பாசறையில் அரசனுக்கு நிழல் தந்த துணி, வென்றவர்களின் விருந்துக்கும் நிழல் தந்தது.

பழந்துணியைக் காப்போர் அதை எளிதில் நனைக்க மாட்டார்கள், சாயம் கசியும். தூசியை மெல்ல அகற்றுவர். மடிப்பில் இழை முறியாதபடி பார்த்துக்கொள்வர். ஒளிக்கோ மிகவும் அஞ்சுவர்; வெளுத்த சாயம் மீளாது.

கவர்ந்தவர்களே காத்தார்கள் என்பதும் உண்மை. காத்ததனால் கவர்ந்தது நியாயமாகிவிடாது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேர நினைக்கவைக்கிறது, வண்ணம் மங்காத அந்தத் துணி.