கிளட்ச் மிதி இறுக்கம்

கிளட்ச் மிதி இறுக்கம் என்பது தானுந்து ஒன்றின் கிளட்ச் (உரசிணைப்பி) மிதியை அழுத்துவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் விசை தேவைப்படும் நிலை ஆகும். பழைய தானுந்துகளில் கியர் பெட்டியை மாற்றிப் பொருத்திய பின்னர் இக்குறை தோன்றுவதுண்டு. வெவ்வேறு வடிவமைப்புகளுக்குரிய பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையே இதற்கு முதன்மையான காரணமாகும்.

பின்னணி

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் இறுதியில் இருந்து 2014 வரை உற்பத்தி செய்யப்பட்ட அம்பாசடர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இதன் தொடக்ககால வகைகளில் நான்கு கியர்களும், சுக்கான் தண்டிலேயே அமைந்த கியர் நெம்புகோலும் இருந்தன. 1990களின் தொடக்கத்தில் இசுசூ 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் கொண்ட வகை அறிமுகமானது. இத்தகைய பிற்காலப் பெட்டியைப் பழைய வண்டியில் பொருத்தும்போது மிதி பழையதாகவும், கிளட்ச் புதியதாகவும் அமைந்துவிடுகின்றன.

புதுச்சேரி நகரின் பழைய பகுதி கட்டம் கட்டமாக அமைந்த வீதிகளைக் கொண்டது. சந்திக்குச் சந்தி நின்று செல்லவேண்டி இருப்பதால் கிளட்ச்சின் பயன்பாடு மிகுதி. கடற்காற்றின் உப்பினால் மிதியின் அச்சும் கம்பிவடமும் எளிதில் துருப்பிடிக்கின்றன.

செயற்படும் முறை

மிதியின் விசை நீர்ம அழுத்தம் வழியாகவோ கம்பிவடம் வழியாகவோ கிளட்ச் கவையைச் சென்றடைகிறது. கவை ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, அது பிரஷர் பிளேட்டின் வில்விசையை விடுவிக்கிறது. இத்தொடரில் எந்த இடத்தில் நெம்பு விகிதம் மாறினாலும் அல்லது உராய்வு கூடினாலும் அதனை ஓட்டுநரின் கால் உணரும்.

காரணங்கள்

* மாஸ்டர் சிலிண்டரின் விட்டம்: 15.87 மி.மீ. விட்டத்திற்குப் பதிலாக 19.05 மி.மீ. பொருத்தினால் பரப்பு 1.44 மடங்காகிறது. அதே அழுத்தத்தைப் பெற 44 விழுக்காடு கூடுதல் விசை தேவை.
* ஸ்லேவ் சிலிண்டரின் விட்டம் சிறியதாக இருத்தல்.
* பிரஷர் பிளேட்டின் வகை: சுருள்வில் வகையில் அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே செல்லும்; தட்டுவில் வகையில் ஓர் உச்சத்திற்குப் பின் குறையும்.
* ரிலீஸ் பேரிங்கின் தடிப்பு அல்லது பிரஷர் பிளேட்டின் உயரம் வேறுபட்டு, கவை தவறான கோணத்தில் நிற்றல்.
* ரிலீஸ் பேரிங் நகரும் குழல் தேய்ந்தோ, மசகு இன்றியோ இருத்தல்.
* கம்பிவடம் கூர்மையாக வளைந்து செல்லுதல்.
* இரப்பர்க் குழாயின் உட்புறம் வீங்கி அடைபடுதல். இதில் மிதி மெதுவாகவே மேலே திரும்பும்.

கண்டறியும் முறை

கியர் பெட்டியை மீண்டும் இறக்குவது பெரிய வேலை. ஆகவே வெளிப்புறச் சோதனைகளை முதலில் செய்தல் நன்று.

1. மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலை மிதியிலிருந்து கழற்றி, மிதியைக் கையால் அசைக்க வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் குறை மிதியின் அச்சில் உள்ளது.
2. தள்ளுகோலை மீண்டும் இணைத்து, ஸ்லேவ் சிலிண்டரின் காற்று நீக்கும் திருகைத் திறந்து, குழாய் வழியே நீர்மம் ஒரு குப்பியில் விழுமாறு மிதிக்க வேண்டும். மிதி இலகுவானால் குறை ஸ்லேவ் சிலிண்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கலாம்; மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் பொருந்தாமையும் காரணமாக இருக்கலாம். இலகுவாகாவிடில் மாஸ்டர் சிலிண்டரையும் குழாய்களையும் ஆராய வேண்டும். மிதி மேலெழுமுன் திருகை மூடிவிட வேண்டும்.
3. கம்பிவட வகையில், வடத்தைக் கவையிலிருந்து கழற்றி இழுத்துப் பார்க்க வேண்டும். அது தடையின்றி நகர வேண்டும்.
4. இவற்றில் குறை இல்லையெனில் மட்டுமே கியர் பெட்டியை இறக்கிக் கவை, பேரிங், பிரஷர் பிளேட் ஆகியவற்றை அளந்து ஒப்பிட வேண்டும்.

ஸ்லேவ் சிலிண்டரைக் கவையிலிருந்து கழற்றிய நிலையில் மிதிக்கக் கூடாது. அதன் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

விளைவுகள்

இறுக்கமான மிதியைச் 'பழகிவிடும்' என்று விட்டுவிடுவது தவறு. மிகையான விசை கிராங்க் தண்டை அச்சுத் திசையில் தள்ளுவதால் அதன் உந்துவளையங்கள் விரைவில் தேய்ந்து, எஞ்சினையே பிரிக்கும் நிலை வரலாம். நெரிசலில் கம்பிவடம் அறுந்தால் ஓடும் எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து கிளட்ச் மூலம் விடுவிக்க இயலாது.

பாதுகாப்பு

பழைய கிளட்ச் தட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். எனவே அவற்றின் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பேச்சுவழக்கில் 'பிரேக் ஆயில்' எனப்படும் நீர்மத்திற்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் இரப்பர் வளையங்கள் வீங்கிக் கெட்டுவிடும்.

இவற்றையும் பார்க்க

* கிளட்ச்
* பாசுக்கலின் விதி
* இந்துசுத்தான் அம்பாசடர்