இரயிலில் வந்த இல்லம்

1920ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர் இரயில் நிலையங்களில் ஒரு காட்சி அடிக்கடி காணக்கிடைத்தது. சரக்கு வண்டி ஒன்று வரும். ஒரு பெட்டியை மட்டும் கழற்றிப் பக்கப் பாதையில் நிறுத்திவிட்டுப் போய்விடும். உறவினரும் அண்டை அயலாரும் குதிரை வண்டிகளோடும் மோட்டார் லாரிகளோடும் வந்து கூடுவர். பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே அடுக்கடுக்காக மரச் சட்டங்கள் இருக்கும். அவற்றின் முனைகளில் எழுத்தும் எண்ணும் முத்திரையிடப்பட்டிருக்கும். கதவு, சன்னல், மாடிப்படி, கீல், தாழ்ப்பாள், 27 காலன் வர்ணம், 750 இராத்தல் ஆணி ஆகிய அனைத்தும் அதற்குள் அடக்கம். வந்திறங்கியது வெறும் மரமன்று. ஒரு முழு வீடு. பெட்டியை விரைந்து காலி செய்து கொடுக்காவிட்டால் இரயில்வேக்குத் தண்டம் கட்ட வேண்டும். ஆதலின், வீட்டைச் சுமந்து இறக்குவதற்கு ஊரே திரண்டு வருவது வழக்கமாயிற்று.

இவ்வீடுகளை அனுப்பியவர்களுள் பெயர்பெற்றது சிகாகோ நகரத்துச் சியர்ஸ் ரோபக் கம்பெனி. அதனைத் தோற்றுவித்த ரிச்சர்ட் சியர்ஸ் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய இரயில் நிலையத்தின் ஊழியராக இருந்தவர். வாங்குவாரின்றிக் கிடந்த சட்டைப்பைக் கடிகாரக் கட்டொன்றைத் தாமே எடுத்து விற்று, 1886இல் வாணிகம் தொடங்கினார். ஊசி முதல் கலப்பை வரையில் எல்லாவற்றையும் விலைப்பட்டியல் வழியாகவும் தபால் வழியாகவும் விற்ற அக்கம்பெனியில் கட்டடப் பொருள் பிரிவு மட்டும் நட்டத்தில் நடந்தது. 1906இல் அப்பிரிவை மூடிவிடும் பணி பிராங்க் குஷெல் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரோ, பொருள்களைக் கிடங்கில் அடுக்கிவைத்து வாடகை கொடுப்பதை விடுத்து, ஆலையிலிருந்தே நேராக வாங்குவோருக்கு அனுப்பலாம் என்று யோசனை கூறினார். மூடவிருந்த பிரிவிலிருந்து, 1908இல் வீடுகளுக்கென்றே ஒரு தனி விலைப்பட்டியல் வெளிவந்தது. 1940இல் அது நின்றுபோவதற்குள் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் விற்கப்பட்டன என்பது கம்பெனியின் கணிப்பு.

மரங்களை ஆலையிலேயே அளவாக அறுத்து அனுப்பும் முறையில் சியர்ஸ் முதல்வர் அல்லர். மிச்சிகன் மாநிலத்துப் பே நகரில் 1906இல் தோன்றிய அலாதீன் கம்பெனி அதனை முன்னரே கையாண்டது. எங்கள் மரத்தில் ஒரு கணு கண்டால் ஒரு டாலர் தருவோம் என்று அக்கம்பெனி விளம்பரம் செய்ததை இன்றும் சொல்லி மகிழ்வர். சியர்ஸ் கம்பெனி சில ஆண்டுகள் கழித்தே அவ்வழிக்கு வந்தது.

இத்தகைய வணிகம் இயலுவதற்கு அடிப்படையாயிருந்த தச்சுமுறையைச் சிறிது விளக்க வேண்டும். பழைய மர வீடுகளில் பருத்த தூண்களும் உத்திரங்களும் நிற்கும். ஒன்றில் துளையிட்டு, மற்றொன்றின் முனையைச் செதுக்கி, துளைக்குள் செருகி இணைப்பார்கள். அதற்குத் தேர்ந்த தச்சர் பலர் வேண்டும். நாளும் பல செல்லும். 1830களில் சிகாகோவில் வேறொரு முறை பரவியது. மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி, ஆணிகளாலேயே அறைந்து கூடாக்கினர். எந்திரத்தால் ஆணி மலிந்த காலம் அது. காற்றடித்தால் பறந்துவிடும் என்பதுபோல் இதற்குப் ‘பலூன் சட்டம்’ என்று பெயர் வந்தது. வீடுகள் பறக்கவில்லை. சட்டங்களோ ஒரே தரத்தனவாயின. தரப்படுத்திய பொருளைத் தொலைவிலிருந்தே அறுத்து எண்ணிட்டு அனுப்பலாம் அன்றோ?

சிக்கனம் பிறந்த இடமும் அதுவே. ஒரே வகை வீட்டைக் கட்டினால், வழக்கமான முறையில் 583 தச்சு மணி நேரமும், அறுத்தனுப்பிய முறையில் 352 மணி நேரமும் ஆகும் என்று கம்பெனி கணக்கிட்டுக் காட்டியது. விற்பவர் தந்த கணக்கைச் சற்றுத் தள்ளுபடி செய்தே கொள்ள வேண்டும். எனினும் வேலை குறைந்ததில் ஐயமில்லை. வீட்டோடு எழுபத்தைந்து பக்கக் கைந்நூல் ஒன்றும் வந்தது. அதைப் படித்து, தாமே சுத்தியல் பிடித்துக் கட்டி முடித்த குடும்பங்களும் உண்டு. ஊர்த்தச்சரை அமர்த்திக்கொண்டவரும் உண்டு. உள்சுவருக்குச் சுண்ணாம்பு பூசாமல் ஆயத்தப் பலகைகளை அறையலாம் என்பதும், ஓட்டிற்குப் பதிலாகத் தார் ஏற்றிய கூரைத் தகடு போடலாம் என்பதும் இவ்வீடுகளால் ஊர்தோறும் பரவிய புதுமைகள்.

விலைப்பட்டியலில் அச்சிட்ட தொகை மட்டும் வீட்டின் விலையாகிவிடவில்லை. நிலத்தை வாங்குவோரே தேடிக்கொள்ள வேண்டும். நிலவறை தோண்டி அடித்தளம் போட வேண்டிய செங்கல்லும் சிமெண்டும் அதில் சேரா. தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி, வெப்பமூட்டும் அடுப்பு ஆகியவற்றுக்குத் தனி விலை. கைப்பொருள் குறைந்தவனுக்கு இவையே மலையாக நின்றன. ஆலை மலிவாக்கியது அறுப்பு வேலையை மட்டுமே. மண்ணையும் கடனையும் அதனால் மலிவாக்க முடியவில்லை.

கம்பெனி இதனை உணர்ந்திருந்தது. 1911 முதல் அது ஈட்டுக் கடனும் கொடுக்கத் தொடங்கியது. அக்காலத்து வங்கிகள் வீட்டு மதிப்பில் பாதியைக் கையில் கேட்டன; மீதியைச் சில ஆண்டுகளில் அடைக்கச் சொல்லின. சியர்ஸோ ஆறு அல்லது ஏழு விழுக்காட்டு வட்டிக்கு, ஐந்து முதல் பதினைந்து ஆண்டுத் தவணையில் தந்தது. கூலி வாங்கி வாழும் தொழிலாளி தன் பெயரில் பத்திரம் எழுதிக்கொள்ள முடிந்தது. என் கருத்தில், எண்ணிட்ட மரத்தைவிட இக்கடனே அவ்வணிகத்தின் பெரிய கண்டுபிடிப்பு. அதன் அழிவும் அதனுள்ளேயே இருந்தது.

அதற்கு முன் ஒரு சிறு வரலாறு. 1918இல் இந்தியானா ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனி, இல்லினாய் மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காகச் சியர்ஸிடமிருந்து மொத்தமாக வீடுகளை வாங்கியது. கார்லின்வில் என்னும் ஊரில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை எழுந்தன. எலிசபெத் ஸ்பால்டிங் என்ற அம்மையார் குதிரைமீது சுற்றிவந்து அக்கட்டடப் பணியை மேற்பார்வையிட்டார். பெண்கள் அத்துறையில் அரிதாயிருந்த காலத்தில் இது குறிப்பிடத் தக்கது. சில ஆண்டுகளில் சுரங்கங்கள் மூடப்பட்டன. புது வர்ணம் மங்குவதற்குள் வீடுகள் பல வெறுமையாகி, பின்னர் மலிந்த விலைக்குப் போயின. வீட்டில் குறையொன்றுமில்லை, வேலைதான் ஊரைவிட்டுப் போய்விட்டது.

கார்லின்வில்லில் நேர்ந்தது, 1929க்குப் பின் நாடெங்கும் நேர்ந்தது. பங்குச் சந்தை சரிந்தது, ஆலைகள் கதவடைத்தன, தவணைகள் நின்றன. கடன் கொடுத்த கம்பெனி வீடுகளைப் பறிமுதல் செய்ய வேண்டிய நிலை வந்தது. எண்ணிப் பாருங்கள்: சட்டையும் செருப்பும் விதையும் எந்தக் கடையிலிருந்து ஒரு குடும்பம் வாங்கிற்றோ, அதே கடை அக்குடும்பத்தை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது! வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தாலேயே வளர்ந்த ஒரு நிறுவனத்திற்கு இதைவிடத் தீமை வேறில்லை. 1934இல் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் டாலர் ஈட்டுக் கடனைக் கம்பெனி தீர்த்து முடித்தது. கடன் கொடுப்பதை நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் வீடு மட்டும் விற்றுப் பார்த்தது. பழைய ஓட்டம் திரும்பவில்லை. நீண்ட தவணைக் கடன்களுக்கு அரசாங்கமே காப்பளிக்கும் சட்டம் அமெரிக்காவில் அதே 1934இல்தான் வந்தது.

மரத்தையும் விட்டுவிட்டு, மோட்டார் கார்போல வீட்டையே ஆலையில் வார்த்துவிட்டால் என்ன என்ற ஆசை இரண்டாம் உலகப் போருக்குப்பின் எழுந்தது. கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்ற பொறியியலார் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில், போர் விமானம் செய்த ஆலையொன்றில், பீங்கான் பூச்சிட்ட எஃகுத் தகடுகளால் லஸ்ட்ரான் வீடுகளைச் செய்தார். அரசாங்கம் மூன்றரைக் கோடி டாலருக்கு மேல் கடன் தந்தது. ஏழாயிரம் டாலர் என நினைத்த விலை பத்தாயிரத்தை நெருங்கியது. ஊர்தோறும் வேறுபட்ட கட்டட விதிகள் தடுத்தன. ஏறக்குறைய 2,500 வீடுகளோடு 1950இல் ஆலை நின்றது.

சியர்ஸ் கம்பெனியின் விற்பனைப் பதிவேடுகள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டுவிட்டன. எவ்வூரில் எத்தனை வீடு நிற்கிறது என்பதற்கு ஒரு பட்டியலும் எஞ்சவில்லை. இன்று அவற்றைத் தேடும் ஆர்வலர்கள் கைவிளக்கோடு நிலவறையில் இறங்கி, உத்திரத்தின் முனையில் பழைய எண் முத்திரை தெரிகிறதா என்று பார்க்கின்றனர். மாவட்டப் பதிவு அலுவலகங்களிலும் சென்று தேடுகின்றனர். அங்கே கம்பெனியின் சார்பில் கையொப்பமிட்ட முகவர்களின் பெயர்கள் ஈட்டுப் பத்திரங்களில் உள்ளன. அப்பெயரைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நடந்தால், முன்திண்ணையோடு வீடு நிற்கிறது.