எண்பது வயதுக் கணக்கு

தமிழக அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் ஓய்வூதியப் பேச்சை எடுத்தால், எங்கே தொடங்கினாலும் 2003 ஏப்ரல் 1 என்ற தேதியில்தான் வந்து நிற்கும். அதற்கு முன்பு பணியில் சேர்ந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகள். அன்று முதல் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம். ஆசிரியர்கள் தங்களுக்குள் ‘ஓ.பி.எஸ். ஆள்’, ‘சி.பி.எஸ். ஆள்’ என்றே சொல்லிக்கொள்வார்கள். மைய அரசு தன் ஊழியர்களுக்கு இத்தகைய மாற்றத்தைக் கொண்டுவந்தது 2004 ஜனவரியில். தமிழகம் முந்திக்கொண்டது. பறிபோன சலுகைகளைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டதும் அதே 2003இல்தான். போன வேலை திரும்பினால் போதும் என்றிருந்த நேரத்தில், இனிமேல் சேரப்போகிறவனின் முதுமைக்காக யார் கொடி பிடிப்பார்கள்?

இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பழைய திட்டத்தில் ஓய்வூதியத்துக்கென்று சம்பளத்தில் பிடித்தம் இல்லை. கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியம், அதன்மேல் அகவிலைப்படி. புதியதில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் மாதாமாதம் 10 விழுக்காடு பிடிப்பார்கள். அரசும் அதே அளவு போடும். பொது வைப்பு நிதிக்கு உள்ள வட்டி சேரும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு அது 7.1 விழுக்காடு. ஓய்வு பெறும் நாளில் திரண்ட தொகையைக் கையில் கொடுப்பார்கள். அதோடு சரி.

கணக்குப் போடும்போது பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ‘பாதிச் சம்பளம்’ என்பது 30 ஆண்டு பணி முடித்தவருக்குத்தான். குறைந்தால் அந்த விகிதத்தில் ஓய்வூதியமும் குறையும். எனவே நியாயமாக ஒப்பிட, 20 ஆண்டு பணிபுரிந்த இரண்டு பட்டதாரி ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் 60 வயதில் ஓய்வு. கடைசி அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய். பழைய திட்டத்துக்காரருக்கு 40,000இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26,667 ரூபாய். அகவிலைப்படி 58 விழுக்காடு என்று கொண்டால் மாதம் ஏறத்தாழ 42,000. புதிய திட்டத்துக்காரர் கணக்கில் 40 லட்சம் ரூபாய் திரண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். தொகுப்பூதியத்தில் நுழைந்து 2006இல் காலமுறை ஊதியத்துக்கு வந்தவர்களுக்கு இது தாராளமான மதிப்பீடுதான். 7 விழுக்காடு வட்டிக்குப் போட்டால் மாதம் 23,300 ரூபாய் வரும். முதலையும் சேர்த்துக் கரைத்தால் மாதம் 31,000 ரூபாய் எடுக்கலாம், இருபது ஆண்டுகளுக்கு.

இருபது ஆண்டு கழிந்தால் வயது 80. பழைய விதியில் 80ஐத் தொட்டவருக்கு ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கும். மருந்துச் செலவு ஏறும் வயது என்று யாரோ யோசித்து வைத்த விதி. மற்றவருக்கு அதே ஆண்டில் கணக்கு காலி. இடைப்பட்ட காலத்தில் அகவிலைப்படி ஏற ஏற முன்னவரின் 42,000 பெருகியிருக்கும். பின்னவரின் 31,000 அரிசி விலை எங்கே போனாலும் 31,000தான். நீண்ட ஆயுள் என்பது ஒரு திட்டத்தில் அரசின் செலவு, இன்னொன்றில் ஆசிரியரின் பயம்.

தொகையைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பணிக்கொடையை மறுத்ததற்கு நான் எந்த நியாயத்தையும் காணவில்லை. மைய அரசின் புதிய திட்டத்தில் இருப்பவர்களுக்கே பணிக்கொடை உண்டு, தமிழக சி.பி.எஸ். ஆசிரியருக்கு அது இல்லாமல் போயிற்று. பணியிலிருக்கும்போது இறந்துபோனால் பழைய திட்டத்தில் குடும்ப ஓய்வூதியம் வரும். புதியதில் அதுவரை சேர்ந்த தொகை மட்டும். பணியில் சேர்ந்து ஆறேழு ஆண்டில் கணவரையோ மனைவியையோ இழந்த வீட்டில் அந்தத் தொகை எத்தனை நாளைக்கு வரும்?

புதிய திட்டத்துக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு; சங்க மேடைகளில் அதைச் சொல்ல மாட்டார்கள். பத்தாண்டு முடியாமல் வேலையை விட்டவருக்குப் பழைய விதியில் ஓய்வூதியமே கிடையாது. சி.பி.எஸ்.ஸில் சேர்ந்த பணம் அவருடையது, அவருக்குப் பின் வாரிசுடையது. அரசும் மாதாமாதம் தன் பங்கை எடுத்து வைத்தாக வேண்டும். இன்றைய செலவை நாளைய வரவு செலவுத் திட்டத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

ராஜஸ்தான் 2022இல் பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அறிவித்தபோது, ஏற்கெனவே மைய அரசின் ஓய்வூதிய நிதி ஆணையத்தின் கீழ் போய்விட்ட பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் திண்டாடியது. தமிழகத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. அந்த ஆணையத்தில் சேராமல் பணத்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. தயக்கம் நிதியைப் பற்றியதுதான். 2021 தேர்தலில் தி.மு.க. பழைய திட்டத்தைத் தருவதாக வாக்குறுதி அளித்தது. குழுவுக்குமேல் குழு வந்தது. 2026 ஜனவரியில் அறிவிக்கப்பட்டதோ நடுவழித் திட்டம்: கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதிக்கு உறுதி, ஆனால் ஊழியரின் 10 விழுக்காடு பிடித்தம் தொடரும். அகவிலைப்படி, குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை மூன்றும் அதில் இடம்பெற்றன. பாதி வெற்றி என்று சிலர் முணுமுணுத்தாலும், 80 வயதுக் கணக்கை இது நேர்செய்கிறது. எனக்கு அது போதுமான முன்னேற்றம்.

இரண்டு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று, வேலைக்குள் நுழையும் வயது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி நியமனம் நடந்த காலத்தில் நாற்பதைக் கடந்து முதல் சம்பளம் வாங்கியவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் 30 ஆண்டை எப்படி எட்டுவார்கள்? தொகுப்பூதியத்தில் உழைத்த ஆண்டுகளை ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. பாதிச் சம்பளம் என்ற தலைப்புச் செய்தியைவிட, ‘தகுதியான பணிக்காலம்’ என்ன என்று சொல்லும் விதியைத்தான் ஆசிரியர்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும். அதே பள்ளி வளாகத்தில் அடுப்பு மூட்டும் சத்துணவு ஊழியருக்கு இந்த இரண்டு திட்டமும் இல்லை. அவருடைய சிறப்பு ஓய்வூதியம் பல ஆண்டுகள் மாதம் 2,000 ரூபாயிலேயே நின்றது. அகவிலைப்படி ஏறும்போது அவருக்கு அதில் ஒரு பைசாகூடக் கூடவில்லை.