தம்புராவா, பெட்டியா, கைபேசியா? சுருதி கடந்து வந்த பாதை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கல்வெட்டு பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். அதற்குள் வீட்டில் ஒரு வழக்கு வந்துவிட்டது.

என் மனைவி சீதனமாகக் கொண்டு வந்த தஞ்சாவூர்த் தம்புரா, மும்பை வீட்டுப் பரணில் உறை போட்டபடி பல வருஷமாகக் கிடந்தது. அவள் மறைந்து ஆறு வருஷம் ஆகிறது. இப்போது பேத்தி பாட்டுக் கற்கிறாள். "தாத்தா, போன்லயே சுருதி இருக்கே. இதை யாருக்காவது குடுத்துடலாம்" என்றாள். "எலக்ட்ரானிக் பெட்டி வாங்கிடலாம்ப்பா, அதுதான் நிக்கும்" என்றான் மகன். நான் பாத்திர வியாபாரி. எந்தச் சரக்கையும் அதன் பூர்வோத்தரம் தெரியாமல் தள்ளுவதில்லை. ஆகவே கொஞ்சம் படித்தேன். படித்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தந்தியும் நூலும்

தம்புராவுக்கு நான்கு தந்தி. ஒன்று பஞ்சமம், நடுவே இரண்டு ஸட்ஜம், கடைசியில் மந்தர ஸட்ஜம். தஞ்சாவூரில் குடத்தைப் பலா மரத்தில் குடைகிறார்கள். மகாராஷ்டிரத்தின் மிரஜ் ஊரில் பெரிய சுரைக்குடுக்கையில் செய்கிறார்கள். மிரஜ் தம்புராவுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதன் ரகசியம் குதிரையில் இருக்கிறது. குதிரையின் மேற்பரப்பு லேசாக வளைந்தது. அதற்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூல் வைப்பார்கள். ஜீவா என்பது அதன் பெயர். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் தந்தி 'ஙொய்' என்று உயிர்பெறும். சுருதி நன்றாகச் சேர்ந்துவிட்டால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாகவே காதில் விழும்.

இதை விஞ்ஞானமாக ஆராய்ந்தவர் நம்மைப் போலவே பிழைப்புக்காக வெளியூர் போன ஒரு தமிழர்தான். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்ற சர் சி. வி. ராமன், அங்கே இருந்தபடியே 1921-இல் வீணை, தம்புரா பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை மீட்டும் இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது மேல்நாட்டு விதி. நம் குதிரையின் அமைப்பால் அந்த விதி இங்கே செல்லுபடியாகவில்லை, அந்தச் சுரங்களும் கேட்கின்றன என்று அவர் காட்டினார்.

கட்டை வந்த கதை

அடுத்து வந்தது ஆர்மோனியம். ஐரோப்பியர் கொண்டு வந்த காலால் மிதிக்கும் பெட்டியை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கும்படி மாற்றினார். கட்டைகளை எடுத்துவிட்டு ஸட்ஜ பஞ்சமத்தை மட்டும் வைத்துக்கொண்டதுதான் நம் வீடுகளில் இருந்த துருத்திச் சுருதிப் பெட்டி.

வித்வான்களில் பலருக்கு ஆர்மோனியம் பிடிக்கவில்லை. கமகம் வராது, சுரங்கள் சம பங்காக வெட்டப்பட்டவை என்றார்கள். அது நியாயம்தான். ஆர்மோனியத்தின் காந்தாரம், தம்புராவில் தானாக எழுகிற காந்தாரத்தைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். அகில இந்திய வானொலி 1940-இல் அதற்குத் தடையே போட்டது. 1971-இல்தான் தடை தளர்ந்தது.

ஆனால் ஒரு வேடிக்கை. "எத்தனை கட்டைக்குப் பாடுறே?" என்று இன்றும் கேட்கிறோமே, அந்தக் கட்டை எது? ஆர்மோனியக் கட்டைதான். வெள்ளைக் கட்டைகளை 'ஸி' தொடங்கி எண்ணினால் 'ஜி' ஐந்தாவது. அதற்கு அடுத்த கருப்புக் கட்டை ஐந்தரை. வேண்டாம் என்று தள்ளிய கருவியின் அளவுகோலை நாமே வைத்துக்கொண்டோம்!

பெங்களூர்ப் பெட்டியும் கைபேசியும்

1979-இல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கொண்டு வந்தார். அவர் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். ராடெல் என்ற பெயரில் அந்தப் பெட்டி பரவியது. துருத்தி போட ஆள் வேண்டாம், குமிழைத் திருப்பினால் போதும். மும்பை, டெல்லி, கல்கத்தா என்று இரண்டு அறைக் குடித்தனத்தில் இருந்த நம் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை மறக்கக்கூடாது. பின்னர் அசல் தம்புராவின் ஓசையைப் பதித்து சிப்பில் அடைத்த பெட்டிகளும் வந்தன.

2007-இல் ஐபோன், 2008-இல் அதற்கும் ஆண்ட்ராய்டுக்கும் செயலிக் கடைகள். பெட்டியில் இருந்த ஓசை சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், சிப்புப் பெட்டிக்குள் ஓடுவதும் ஒரு மென்பொருள்தான். ஆகவே என் மகனுக்கும் பேத்திக்கும் நடந்தது பங்காளிச் சண்டை! வித்தியாசம் ஒலிபெருக்கியில் மட்டும் பெரிது. ஒரு கட்டைக்குப் பாடும் ஆண் குரலுக்கு, மந்தரத் தந்தி விநாடிக்குச் சுமார் 65 முறை அதிரும். போனில் உள்ள சின்ன ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தர முடியாது. நல்ல ஒலிபெருக்கியோடு இணைத்தால் அந்தக் குறையும் பெரும்பாலும் தீரும்.

வியாபாரியின் கணக்கு

அப்படியானால் தம்புரா எதற்கு? எடை, இடம், மழைக்கால ஈரம் என்று எல்லாக் கணக்கிலும் அதற்கு நஷ்டம்தான். இருந்தும் ஒரு மாதம் பொறு என்று பேத்தியிடம் சொல்லிவிட்டு, தம்புராவைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். புதுத் தந்தி போட்டு, நழுவிய பிருடையைச் சரிசெய்து தந்தார்கள்.

முதல் நாள் அவள் முக்கால் மணி நேரம் போராடினாள். பிருடையைத் திருக்குவாள், அது தாண்டிப் போகும். குதிரைக்கு அப்பால் உள்ள மணியை நகர்த்துவாள், மறுபடி இறங்கும். "போன்ல ஒரு தட்டு தட்டினா முடிஞ்சிடும் தாத்தா" என்று அழாக்குறை. போன் சுருதியையே வைத்துக்கொண்டு அதோடு தந்தியைச் சேர்க்கச் சொன்னேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் மீட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பி, "தாத்தா, கூட யாரோ பாடுறாங்க" என்றாள். காந்தாரம்! அதே இடத்தில் உட்கார்ந்து அவள் பாட்டி எனக்கு அதைக் காட்டியிருக்கிறாள். எனக்குத்தான் அன்று சரியாகக் கேட்கவில்லை.

பெட்டியும் செயலியும் சேர்த்து வைத்த சுருதியைத் தருகின்றன. தம்புராவோ சேர்க்கிற வேலையை நம் காதுக்குக் கொடுக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே அது பரணிலிருந்து இறங்கியது. பயணத்துக்கும் அவசரச் சாதகத்துக்கும் போன் போதும். புதிதாகத் தம்புரா வாங்க எல்லோராலும் ஆகாது, இடமும் வேண்டும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், விற்பதற்கு முன் ஒரு மாதம் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், கற்கிற வேறொரு பிள்ளைக்குப் போகட்டும்.

எங்கள் வழக்கு இப்போதைக்கு ராஜியாகிவிட்டது. பெட்டி வாங்கவில்லை. போன் அவள் பையில், தம்புரா கூடத்து மூலையில். கல்வெட்டுக் கட்டுரையை அடுத்த மலருக்குத் தருகிறேன். இதில் பிழை கண்டால் சங்கீதம் அறிந்த அன்பர்கள் திருத்தட்டும்.